பிணை உத்தரவுக்குப் பின்னும் சிறை: ஏழைகளும் ஜாமீன்தாரர் நிபந்தனையும்

குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை ஒருவரைக் குற்றமற்றவராகவே கருத வேண்டும் என்பது இந்தியக் குற்றவியல் நீதிமுறையைத் தாங்கி நிற்கும் அடிப்படைக் கோட்பாடாகும். ஆயினும், தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட புள்ளிவிவரப்படி, 2022ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பங்கினர், வழக்கு முடியாத விசாரணைக் கைதிகளாகவே இருந்தனர். அவ்வாண்டு எல்லாச் சிறைகளிலும் சேர்த்து 4,36,266 பேருக்கு மட்டுமே இடம் இருந்தது. தண்டனை பெற்ற ஒருவரைக்கூடச் சேர்க்காமல், தீர்ப்புக்குக் காத்திருப்பவர்களைக் கொண்டே இந்தியச் சிறைகள் ஏறத்தாழ முழுமையாக நிரம்பிவிடும் என்பதே இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது தெரியவரும் நிலைமை. இவர்களுள் பெரும்பாலோர் பத்தாம் வகுப்பை எட்டாதவர்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பட்டியல் சாதிகளையும் பழங்குடிகளையும் பிற பிற்படுத்தப்பட்ட வகுப்புகளையும் சேர்ந்தவர்கள்.

இவ்வளவு பேரும் ஒரே காரணத்தால் சிறையில் இருப்பதில்லை. கொடிய குற்றம் சாட்டப்பட்டு, நீதிமன்றம் ஆராய்ந்து பிணை மறுத்தவர்களும் உண்டு. பிணை கேட்டு மனுப்போட ஆள் இல்லாதவர்களும் உண்டு. இவ்விரு வகையினரைப் பற்றியாவது அவ்வப்போது பேசப்படுகிறது. மூன்றாவது வகையினர்தாம் பொதுமக்கள் பார்வையில் படாதவர்கள்: நீதிபதி பிணை வழங்கிவிட்டார், உத்தரவில் கையெழுத்தும் ஆகிவிட்டது, ஆனால் அந்த உத்தரவு கேட்கும் ஜாமீன்தாரரைக் கொண்டுவந்து நிறுத்த முடியாததால் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் உள்ளேயே இருப்பவர்கள். நீதிமன்றமே வெளியில் இருக்கலாம் என்று சொல்லிவிட்ட பிறகும் ஒருவர் வறுமை என்ற ஒரே காரணத்தால் அடைபட்டிருப்பது, நீதிமுறையின் குறைகளுள் மிக எளிதாகத் தீர்க்கக்கூடியதும் மிகக் குறைவாக மன்னிக்கத்தக்கதும் ஆகும்.

பிணை என்பது குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணைக்குத் தவறாமல் வருவார் என்ற உறுதியின்பேரில் அவரைக் காவலிலிருந்து விடுவிப்பதாகும். பேச்சு வழக்கில் இதையே ஜாமீன் என்கிறோம். சட்டம் குற்றங்களை இரு வகையாகப் பிரிக்கிறது. பிணையில் விடத்தக்க குற்றங்களில் பிணை கேட்பது உரிமை; பிணையில் விட முடியாத குற்றங்கள் என்று பெயரிடப்பட்டவற்றில், பெயரைக் கண்டு பலர் அஞ்சுவதுபோல் பிணையே கிடையாது என்பதன்று பொருள், அதை வழங்குவதா மறுப்பதா என்பது நீதிமன்றத்தின் விருப்புரிமை என்பதே பொருள். இரண்டிலும் விடுதலையாகும் முன் ஒரு பிணைமுறி எழுதித்தர வேண்டும். குறித்த நாளில் வராவிட்டால் இன்ன தொகையைச் செலுத்துவேன் என்னும் உறுதிமொழிப் பத்திரம் அது. சம்பந்தப்பட்டவர் மட்டுமே எழுதித்தந்தால் அது சொந்த ஜாமீன். அவருக்காக வேறொருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டால் அவ்வாறு பொறுப்பேற்பவர் ஜாமீன்தாரர். அப்போதே பணத்தைக் கட்ட வேண்டியதில்லை என்பதால், பத்தாயிரம் ரூபாய்க்கு இரு நபர் ஜாமீன் என்ற நிபந்தனை தாளில் படிக்கும்போது மிக எளியதாகத் தோன்றும்.

நீதிமன்ற அலுவலகத்தில் அந்த நிபந்தனை நிறைவேறும் விதத்தை அருகிலிருந்து பார்த்தால்தான் அதன் எடை விளங்கும். ஜாமீன்தாரர் இருவரும் நேரில் வர வேண்டும். குறித்த தொகைக்குத் தாங்கள் தகுதியுள்ளவர்கள் என்பதற்கு வீட்டு வரி ரசீதோ சொத்து ஆவணமோ சம்பளச் சான்றோ காட்ட வேண்டும். ஆதார் அட்டை அல்லது வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல் தர வேண்டும். முறியில் புகைப்படம் ஒட்டி இடது கைப் பெருவிரல் ரேகை பதிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பல உத்தரவுகள் இருவரில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்றும் விதிக்கின்றன. வாடகைக் குடிசையிலோ புறம்போக்கு நிலத்திலோ வாழும் குடும்பத்தின் பெயரில் வரி ரசீது இருப்பதில்லை. செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் பிழைப்புத் தேடி வந்து பிடிபட்டவருக்கு உறவினர் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பர். சொத்து உள்ள அயலாரோ, தம் வீட்டு ஆவணத்தைக் கோர்ட்டில் கொண்டுபோய் வைப்பதென்றால் தயங்குவர். அப்படியே யாராவது முன்வந்தாலும், நீதிபதி விடுப்பு, ஆவணத்தில் பெயரெழுத்து வேறுபாடு, சரிபார்க்க மறுநாள் வரச்சொல்லுதல் என ஒவ்வொன்றும் ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும். வெளியே வந்த பின்னரும், நாள்தோறும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போயாக வேண்டிய கூலித் தொழிலாளிக்கு அது வேலையிழப்புக்கு நிகரானதாகிவிடும்.

இந்த நெருக்கடியே ஒரு கள்ளச் சந்தைக்கும் இடம் தந்திருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு முன்பின் தெரியாதவர்களுக்கு ஜாமீன் போடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் நீதிமன்ற வளாகங்களில் உலவுகின்றனர்; போலி ஆவணங்கள் பிடிபடும்போது நீதிமன்றங்கள் சரிபார்ப்பை இறுக்குகின்றன; இறுக இறுக நேர்மையான ஏழைக்கு வழி மேலும் குறுகுகிறது. ஓடிப்போக எண்ணும் வசதி படைத்தவரை ஜாமீன்தாரர் முறை எவ்வளவு தூரம் தடுக்கிறது என்பது ஐயத்திற்குரியது. ஓடுவதற்கு வேறு ஊரோ வழியோ இல்லாதவரை அது உள்ளேயே நிறுத்திவைப்பதில் மட்டும் ஐயமில்லை.

இவை எவையும் நீதிமன்றங்கள் அறியாதவை அல்ல. 1978ஆம் ஆண்டு மோத்தி ராம் எதிர் மத்தியப் பிரதேச அரசு என்ற வழக்கில், கொத்தனார் ஒருவரைப் பிணையில் விடும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. அதை நிறைவேற்ற வேண்டிய நடுவர், பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டதுடன், அவருடைய சகோதரர் ஜாமீன்தாரராக வந்தபோது அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று காரணம் காட்டி ஏற்க மறுத்தார். கொத்தனார் மீண்டும் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. வழக்கைக் கேட்ட நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர், ஆயிரம் ரூபாய்க்கான சொந்த ஜாமீனில் அவரை விடுவிக்க உத்தரவிட்டார். வேறு மாவட்டத்து ஜாமீன்தாரரை ஒதுக்குவது இந்தியாவுக்குள்ளேயே இந்தியரை அயலாராக்குவது என்று கடிந்துகொண்ட அவர், தமிழரோ தெலுங்கரோ கன்னடரோ மலையாளியோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைது செய்யப்பட்டால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவார் என்றும் கேட்டார். அன்று அவர் தமிழரை எண்ணிக் கேட்ட அக்கேள்வி, பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தமிழ்நாட்டில் உழைக்கும் தொழிலாளர்களை எண்ணி இன்று தமிழ்நாட்டு நீதிமன்றங்கள் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியதாகும்.

அடுத்த ஆண்டே இப்பிரச்சினையின் முழு அளவும் வெளிப்பட்டது. தேசியக் காவல் ஆணையத்தின் உறுப்பினராக இருந்த கே. எஃப். ருஸ்தம்ஜி பிகார்ச் சிறைகளில் கண்டவற்றை 1979 ஜனவரியில் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழில் எழுதினார். அக்கட்டுரைகளை அடிப்படையாகக் கொண்டு வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்தில் தொடுத்ததே ஹுசைனாரா காத்தூன் வழக்கு. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் கிடைக்கக்கூடிய உச்ச தண்டனைக் காலத்தைக் காட்டிலும் நீண்ட காலம் விசாரணைக் கைதிகளாகவே கழித்தவர்கள் அச்சிறைகளில் இருந்தனர். எக்குற்றமும் சாட்டப்படாத பெண்கள், பாதுகாப்பு என்ற பெயரில் அடைக்கப்பட்டிருந்தனர். விரைவான விசாரணை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றும், வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியற்றவருக்கு அரசே வழக்கறிஞரைத் தர வேண்டும் என்றும் நீதிபதி பி. என். பகவதி தலைமையிலான அமர்வு கூறியது. அவ்வழக்கின் விளைவாகப் பல்லாயிரக்கணக்கானோர் விடுதலையாயினர். பொதுநல வழக்கு என்று இன்று அறியப்படும் முறைக்கு அடிகோலியவற்றுள் ஒன்றாக அவ்வழக்கைச் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். பிணையைப் பணத்தோடு பிணைப்பதை விடுத்து, ஒருவருக்கு ஊரில் வேர் இருக்கிறதா, குடும்பமும் தொழிலும் உண்டா என்று பார்த்துச் சொந்த ஜாமீனில் விடலாம் என்று அதே வழக்கில் சொல்லப்பட்டது மட்டும் அந்த அளவுக்கு நினைவில் நிற்கவில்லை.

நாடாளுமன்றமும் சும்மா இருக்கவில்லை. 2005ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு 2006ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிணையில் விடத்தக்க குற்றத்தில் கைதானவர் ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர இயலாவிட்டால், அவரை வசதியற்றவர் என்றே அனுமானித்துச் சொந்த ஜாமீனில் விட வேண்டும் என்றது. உச்ச தண்டனையில் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகக் கழித்தவரை, மரண தண்டனைக்குரிய குற்றங்கள் நீங்கலாக, விடுவிக்க வேண்டும் என்ற 436ஏ பிரிவும் அப்போதே வந்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தைப் பிடித்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, தன் 479ஆம் பிரிவில், இதற்கு முன் எக்குற்றத்துக்கும் தண்டனை பெறாதவருக்கு அப்பாதியை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்திருக்கிறது. அக்காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய கடமையைச் சிறைக் கண்காணிப்பாளர்மீதே சுமத்தியிருக்கிறது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் மரண தண்டனைக்குரிய குற்றங்களோடு ஆயுள் தண்டனைக்குரியவற்றையும் புதிய பிரிவு விலக்கிவிட்டது. ஒருவர்மீது ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் இச்சலுகை கிடையாது. ஒரே நிகழ்ச்சிக்குப் பல வழக்குகள் பதியப்படுவதும், ஒருவர் பிடிபட்டதும் தீராத பழைய திருட்டு வழக்குகளில் அவர் பெயர் சேர்க்கப்படுவதும் நடப்பதுண்டு என்ற நிலையில், இரண்டாவது விலக்கு ஏழைகள்மீதே கூடுதலாக விழக்கூடும் என்ற கவலை நியாயமானது.

சட்டத்தின் இவ்வுரிமைகளைக் கேட்டுப் பெற ஒரு வழக்கறிஞர் வேண்டும். 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் அரசமைப்புச் சட்டத்தில் சேர்த்த 39ஏ பிரிவு, பொருள் வசதியின்மையால் எவருக்கும் நீதி மறுக்கப்படாதவாறு இலவச சட்ட உதவி அளிக்குமாறு அரசைப் பணிக்கிறது. நிதி இல்லை என்று அரசு கைவிரிக்க முடியாது, நடுவர் முன் முதன்முறை நிறுத்தப்படும்போதே இவ்வுரிமை தொடங்கிவிடுகிறது என்று 1981இல் பாகல்பூர் வழக்கிலும், கைதி கேட்காவிட்டாலும் நீதிமன்றமே அவருக்கு எடுத்துச் சொல்லியாக வேண்டும் என்று 1986இல் சுக் தாஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1987இல் இயற்றப்பட்டு 1995ஆம் ஆண்டு நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ள சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்கீழ், தேசிய அளவிலிருந்து வட்டம் வரை இதற்கான அமைப்புகள் இயங்குகின்றன. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே வழக்கறிஞர் அமர்த்தித்தர வேண்டும் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

வழக்கறிஞர் ஒருவரை அமர்த்திவிட்டாலே நீதி கிடைத்துவிடுமா என்பது வேறு கேள்வி. மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஒரு கொலை வழக்கில், அரசு செலவில் வழக்கறிஞர் அமர்த்தப்பட்ட அன்றே குற்றச்சாட்டுகள் வனையப்பட்டு, ஏறத்தாழ இரண்டே வாரங்களில் விசாரணை முடிந்து மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. வழக்குக் கட்டைப் படிக்கவோ கட்சிக்காரரோடு பேசவோ அவ்வழக்கறிஞருக்கு நேரமே தரப்படவில்லை என்பதால், 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி மறுவிசாரணைக்கு அனுப்பியது. ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய வழக்குகளில் பத்தாண்டு அனுபவம் உள்ளவரையே அமர்த்த வேண்டும், குறைந்தது ஏழு நாளாவது அவர் ஆயத்தம் செய்ய இடம் தர வேண்டும் என்றும் வகுத்தது. விரைவான விசாரணை கைதியின் உரிமை. அதே விரைவு அவருடைய தற்காப்பை விழுங்குமானால் அது உரிமை ஆகாது.

சட்டப்படிப்பை முடித்த இளைஞர்கள் கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்றும் இங்கே நிகழ்ந்திருக்கிறது. பட்டியலில் பெயர் கொடுத்த வழக்கறிஞர்களுக்கு ஒவ்வொரு வழக்காகப் பிரித்துக் கொடுத்துச் சிறு தொகையைக் கட்டணமாகத் தருவதே சட்ட உதவியின் பழைய முறை. கட்டணம் குறைவு, அதுவும் காலந்தாழ்ந்து வரும் என்பதால், சொந்தக் கட்சிக்காரரின் வழக்கு இருக்கும் நாளில் சட்ட உதவி வழக்கு வாய்தாவில் போவது வழக்கமாயிற்று. இதற்கு மாற்றாகத் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2022இல் கொண்டுவந்த சட்ட உதவித் தற்காப்பு வழக்கறிஞர் திட்டத்தில், மாவட்டந்தோறும் முழுநேர வழக்கறிஞர்கள் மாத ஊதியத்தில் அமர்த்தப்படுகின்றனர். தலைமைத் தற்காப்பு வழக்கறிஞருக்குக் குறைந்தது பத்தாண்டும், துணைத் தற்காப்பு வழக்கறிஞருக்கு ஏழாண்டும் குற்றவியல் அனுபவம் தேவை; உதவி வழக்கறிஞராகப் புதியவர்களும் சேரலாம்; பணியில் இருக்கும் வரை தனியே வழக்கு நடத்தக் கூடாது. அரசுத் தரப்புக்கு முழுநேர வழக்கறிஞர் இருக்கையில் எதிர்த்தரப்பில் நிற்கும் ஏழைக்கும் அதற்கு ஈடான ஒருவர் இருக்க வேண்டும் என்ற எண்ணம் காலந்தாழ்ந்தேனும் செயலுக்கு வந்திருப்பது வரவேற்கத்தக்கது. ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்படும் இவர்களுக்கு நிலையான பதவியும் உயர்வும் கிடைத்தால்தான் திறமையுள்ள இளைஞர்கள் இதை வாழ்நாள் தொழிலாகத் தேர்ந்தெடுப்பர்.

பிணை கிடைத்தும் வெளிவர இயலாதோரின் நிலையைக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 2022ஆம் ஆண்டு நவம்பர் 26 அன்று, அரசமைப்பு நாள் விழாவில் தலைமை நீதிபதி முன்னிலையில் எடுத்துரைத்தார். அதன் பின்னர் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று பிறப்பித்த நெறிமுறைகள், மோத்தி ராம் வழக்கில் சொல்லப்பட்டதைப் படிப்படியான அலுவலக வேலையாக மாற்றியிருக்கின்றன. பிணை உத்தரவின் நகல் அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் போய்ச் சேர வேண்டும். ஏழு நாளில் கைதி வெளியேறாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க, அவர் ஆளனுப்பிக் கைதிக்கு வேண்டிய உதவியைச் செய்ய வேண்டும். ஒரு மாதம் ஆகியும் முறி எழுதித்தரப்படாவிட்டால், யாரும் மனுப்போடாமலே நீதிமன்றம் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி ஆராயலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்ற நிபந்தனையே விடுதலைக்குத் தடையாக இருப்பதால், அதை விதிக்க வேண்டாம் என்றும் சொல்லப்பட்டது. 2024 ஆகஸ்டில், வெவ்வேறு மாநிலங்களில் 13 வழக்குகளில் பிணை பெற்றும் அத்தனை வழக்குகளுக்கும் தனித்தனி ஜாமீன்தாரர் தேட முடியாமல் சிறையிலிருந்த ஒருவரின் மனுவில், நீதிபதிகள் பி. ஆர். கவாய், கே. வி. விஸ்வநாதன் ஆகியோர், ஒரே ஜாமீன்தாரர்கள் பல வழக்குகளுக்கும் நிற்கலாம் என்று அனுமதித்தனர். ஜாமீனுக்கு நிற்கக்கூடியவர் நெருங்கிய உறவினராகவோ நெடுநாள் நண்பராகவோதான் இருப்பார், எவருக்கும் அந்த வட்டம் மிகச் சிறியது என்ற நடைமுறை உண்மையை அத்தீர்ப்பு மறைக்காமல் ஏற்றுக்கொண்டது.

பணமே தடை என்றால் பணத்தைத் தந்துவிடலாம் என்ற நோக்கில், ஒன்றிய அரசு 2023இல் ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மாவட்ட அளவிலான குழுவின் பரிந்துரைப்படி, பிணைக்காக 40,000 ரூபாய் வரையிலும், அபராதம் கட்ட இயலாமல் உள்ளே இருக்கும் தண்டனைக் கைதிகளுக்கு 25,000 ரூபாய் வரையிலும் வழங்கத் தொடக்கத்தில் அது வகைசெய்தது. நல்லெண்ணத்தோடு வந்த திட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஜாமீன்தாரருக்கு வேண்டியது பெரும்பாலும் ரொக்கம் அன்று, சொத்து ஆவணமும் முன்வரும் மனமும். சொந்த ஜாமீனில் விட்டிருக்க வேண்டிய ஒருவருக்காக அரசுக் கருவூலத்திலிருந்து நீதிமன்றத்துக்கே பணம் செலுத்துவதைக் காட்டிலும், நிபந்தனையை முதல் நாளே அவருடைய நிலைக்கேற்ப விதிப்பது நேர்வழி. அதற்குத் தேவையானவர்கள், பிணை மனுவிலேயே கைதியின் குடும்பம், தொழில், வருமானம், குடியிருப்பு ஆகியவற்றை எடுத்துரைக்கும் வழக்கறிஞரும், அவற்றைக் கேட்டறிந்து தொகையை நிர்ணயிக்கும் நீதிபதியும் ஆவர். நீதிபதிகள் தயங்குவதற்கும் காரணம் உண்டு: விடப்பட்டவர் தலைமறைவானால் வழக்கு ஆண்டுக்கணக்கில் நின்றுவிடும், நிலுவை ஏறும், மேல்நீதிமன்றம் கேட்கும். அந்த அச்சத்துக்கு விடை காண்பதற்கு, வாய்தா நாளைக் குறுஞ்செய்தியில் நினைவூட்டுவது, கைப்பேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் சட்டத் தன்னார்வலர் வழியே சரிபார்ப்பது போன்ற எளிய ஏற்பாடுகள் இருக்கின்றன. விசாரணைக்கு வராத ஏழைகளுள் பலர் ஓடி ஒளிந்தவர்கள் அல்லர், நாளை மறந்தவர்களும் பேருந்துக் கட்டணமும் கூலியும் பார்த்து வராமல் இருந்தவர்களுமே.

பிணை உத்தரவு கையில் இருந்தும் ஜாமீன்தாரர் கிடைக்காத குடும்பம் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை; பிணை வழங்கிய நீதிமன்றத்திலேயே நிபந்தனையைத் தளர்த்தும்படி மனுச் செய்யலாம். மனுவில் குடும்ப வருமானம், சொத்தின்மை, உத்தரவு பிறந்த நாள், இதுவரை தேடிய முயற்சி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ஒரே ஜாமீன்தாரரை ஏற்கும்படியோ, வெளிமாவட்டத்தவரை ஏற்கும்படியோ, சொந்த ஜாமீனில் விடும்படியோ கேட்கலாம். ஜாமீன்தாரர் வரும் வரை குறிப்பிட்ட காலத்துக்குத் தற்காலிகப் பிணை வழங்கவும் 2023ஆம் ஆண்டு நெறிமுறைகளில் இடம் இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாதவர்கள் 15100 என்ற தேசிய உதவி எண்ணில் அழைக்கலாம். நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் மாவட்ட ஆணைக்குழு அல்லது வட்டக் குழு அலுவலகத்தில் நேரில் எழுதிக் கொடுக்கலாம். உள்ளே இருப்பவர் சிறையிலுள்ள சட்ட உதவி மையத்தின் வழியாகவும் இதே மனுவை அனுப்பலாம்.